கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்கள்

வணக்கம் ஐயா,

சென்ற வாரம் விசுவமடுவிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, அவளுடைய கணக்குக் கொப்பியை என் மேசையில் வைத்தீர்கள். "சாதாரண தரம் நல்லாகச் செய்த பிள்ளை, இப்படிக் கார்ட்டூன் கீறிக்கொண்டிருந்தால் எங்கே போய் நிற்கும்?" என்று கேட்டீர்கள். அன்று பலர் காத்திருந்தார்கள். நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

கார்ட்டூன் என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது உண்மையில் பல தொழில்கள். பத்திரிகையில் வரும் கருத்துப்படம் ஒன்று. ஒரே பெட்டிக்குள் அன்றைய அரசியலைச் சொல்லிவிட வேண்டும். அதற்குக் கைத்திறனைவிட நாட்டு நடப்பில் தீராத அக்கறை வேண்டும். 1963இல் 'சிரித்திரன்' என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கிய சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் கீறிய சவாரித்தம்பர் என்ற கார்ட்டூன் பாத்திரத்தை உங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இன்று தமிழ்ப் பத்திரிகைகளில் இந்த வேலைக்கான நிரந்தர இடங்கள் மிகச் சில. அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. முகங்களை மிகைப்படுத்திக் கீறுவது இன்னொரு வகை. உங்கள் மகளுக்கு அதில் நாட்டம் இருப்பதாகத் தெரியவில்லை.

அவளுடைய நாட்டம் எதில் என்பது அந்தக் கொப்பியிலேயே இருக்கிறது. ஆடு தொலைந்த கதையை ஆறு பெட்டிகளில் கீறியிருக்கிறாள், பார்த்தீர்களா? முதற்பெட்டியில் கட்டையும் அறுந்த கயிறும். அடுத்ததில் கதியால் வேலியில் ஓர் இடைவெளி. மூன்றாவதில் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்க்கும் அம்மம்மா. பிறகு குளக்கட்டு, பிறகு தண்ணீர், கடைசியில் ஈர மண்ணில் குளம்புத் தடங்கள் மட்டும். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டை அவள் எங்குமே கீறவில்லை, ஐயா! அந்தப் பக்கத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற தெரிவுதான் சித்திரக்கதையின் உயிர். அது பதினாறு வயதில் அவளுக்குத் தானாக வந்திருக்கிறது.

திரையில் ஓடும் அசைவுப்படம் இன்னொரு தொழில். அதற்கு வழக்கமாக விநாடிக்கு 24 சட்டகங்கள், அதாவது அடுத்தடுத்து ஓடும் நிலைப்படங்கள், வேண்டும். கீறிய ஒரு படத்தையே இரண்டு சட்டகங்களுக்கு வைத்தாலும் ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள் கீற வேண்டும். ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பக் கீறுவது அலுப்பு என்று அவளே சொன்னாள். ஆனால் அந்தப் படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் முன்கூட்டியே காட்சிகளைப் பெட்டி பெட்டியாகக் கீறித் தருபவர்கள் தேவை. அந்த வேலை அவளுக்குப் பொருந்தும்.

பயன்பாட்டுச் சித்திரம் என்று இன்னொன்றும் உண்டு. மீள்குடியேறிய காலத்தில் மிதிவெடி பற்றிய எச்சரிக்கையைப் பிள்ளைகளுக்குக் கொண்டுசேர்த்ததில் படங்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. டெங்கு, விவசாயம், தாய்சேய் நலம் என்று எதற்கும் வாசிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி கீறத் தெரிந்தவர் வேண்டும். இந்த மண்ணை அறிந்த கைக்கு இங்கேயே வேலை உண்டு என்று நான் நம்புவது இதனால்தான். 2019இல் 'வன்னி' என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு சித்திர நாவல் வெளிவந்தது. இறுதிப் போரில் சிக்கிய ஒரு குடும்பத்தின் கதை. எழுதியவரும் கீறியவரும் வெளிநாட்டவர்கள். நம் வேலியையும் குளக்கட்டையும் உள்ளிருந்து கீறக்கூடிய ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறாள்.

இனிப் படிப்பு. உயர்தரத்தில் கலைப்பிரிவில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்கட்டும். கூடவே தமிழை எடுப்பது நல்லது, கதை சொல்பவளுக்கு மொழி வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் ஓவியம் போன்ற கட்புலக் கலையில் பட்டம் படிக்கலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை வாங்கி, அந்தத் துறைக்கான திறமையைச் சோதிக்கும் உளச்சார்புப் பரீட்சை பற்றிய பகுதியை இப்போதே வாசியுங்கள். பெறுபேறு வந்தபின் தேடி, விண்ணப்ப நாளைத் தவறவிட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பட்டம் கிடைக்காவிட்டால் கணினி வரைகலையில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. அச்சகங்களில் வேலை தேட அது உதவும்.

கணக்கு நேரத்தில் கீறுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் கோடில்லாத கொப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அடுத்த மாதம் வரும்போது, அந்த ஆடு கிடைத்ததா இல்லையா என்பதையும் அவள் கீறிக்கொண்டு வரட்டும்.