படத்துக்குப் பணம் கேட்டு கடிதம் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: பண்டாரவளையில் ஐந்து அறை கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். 2021இல் ஹட்டனிலுள்ள தம்பி ஒருவர் எங்களுக்கு இணையத்தளம் செய்து தந்தார். அதில் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் போகும் படம் ஒன்று இருந்தது. அந்தப் படத்தை எடுத்தவர் சார்பில் ஒரு ஜேர்மன் நிறுவனம் 780 யூரோவை 14 நாளுக்குள் கட்டும்படி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. எங்களுக்கு அது இரண்டரை இலட்சம் ரூபாவுக்கும் மேல். கூகுளில் எடுத்த படம் என்கிறார் தம்பி. கட்டுவதா, பேசாமல் விடுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கடிதத்திலுள்ள 780 யூரோ நீதிமன்றம் விதித்த அபராதம் அல்ல, அவர்கள் கேட்கும் முதல் விலை. 14 நாள் என்பதும் அவர்களே வைத்த கெடுதான். அதற்காகப் பேசாமல் விடுவதும் பிழை. பதிலே போகாத கோரிக்கைதான் அடுத்ததாகச் சட்டத்தரணியின் கைக்குப் போகும், அப்போது தொகையும் ஏறும்.

முதலில் கடிதம் உண்மையானதா என்று பாருங்கள். அதிலுள்ள இணைப்பையோ ஸிப் (zip) கோப்பையோ திறக்காதீர்கள். ‘உங்கள் தளத்தில் திருடிய படங்களின் சான்று இதோ’ என்று கணினிக்குள் வைரஸை இறக்கும் மின்னஞ்சல்கள் பல நாடுகளில் பரவியவை. பணம் கேட்காமல், ‘எங்கள் தளத்துக்கு ஓர் இணைப்புப் போட்டால் போதும்’ என்று போலிச் சட்டத்தரணி பெயரில் வருவதும் மோசடிதான். மறுபக்கம், கொப்பிட்ராக், பிக்ஸி, பிக்ரைட்ஸ் போன்றவை படக்காரர்களுக்காகவும் செய்தி முகவர் நிறுவனங்களுக்காகவும் பணம் வசூலிக்கும் உண்மையான நிறுவனங்கள். ஆனால் அந்தப் பெயர்களைப் போட்டும் யாரும் மின்னஞ்சல் அனுப்பலாம். ஆகவே நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே முகவரியைத் தட்டெழுதிப் போய், கடிதத்திலுள்ள கோப்பு இலக்கத்தைச் சரிபாருங்கள்.

அடுத்தது படத்தை அகற்றுவது. அதற்கு முன் முழுப் பக்கத்தையும் திகதி தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் செய்தது என்றால், அதன் மீடியா நூலகத்தில் படம் ஏற்றப்பட்ட திகதி இருக்கும், அதையும் எடுங்கள். தம்பியோடான வட்ஸ்அப் உரையாடல், அவருக்குப் பணம் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான்: பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிடுவார்கள், கோப்பு சேர்வரிலேயே கிடக்கும். பழைய முகவரியைத் தட்டினால் படம் திறக்கும், அவர்களின் தேடுகருவி அதை மறுபடி பிடிக்கும். மீடியா நூலகத்திலிருந்தே நீக்கி, அதிலிருந்து தானாக உருவான சிறுபடங்களையும், தளம் சேமித்து வைத்திருக்கும் தற்காலிகப் பிரதிகளையும் (கேஷ்) அழித்து, பேஸ்புக் பக்கம், கூகுள் வரைபடப் பதிவு, அறை பதிவுத் தளங்கள் ஆகியவற்றிலும் தேடுங்கள். அகற்றியதால் கடந்தகாலப் பொறுப்பு போகாது, அது மேலும் வளராமல் நிற்கும்.

பிறகு படம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். படத்தைக் கொடுத்தால் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடும் கூகுள் லென்ஸிலும் டின்ஐ (TinEye) தளத்திலும் போட்டு, மிகப் பழைய பதிவைப் பாருங்கள். அது விக்கிமீடியா பொதுவகத்தில், பெயர் போடுவது போன்ற நிபந்தனைகளோடு இலவசமாகப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தோடு இருந்தால் உரிமத்தின் பதிப்பு எண் முக்கியம். 4.0 என்றால், பெயர் போடாதது போன்ற குறையை நீங்கள் அறிந்த 30 நாளுக்குள் திருத்தினால் உரிமம் தானாக மீளும், முந்தைய மீறலுக்கு அவர்கள் கேட்கும் உரிமை மட்டும் எஞ்சும். 2.0, 3.0 பதிப்புகளில் அந்தச் சலுகை இல்லை. படக்காரர் பெயரைப் போடாவிட்டால் உரிமம் அதோடு முடிந்தது.

‘நன்றி: கூகுள்’ என்று போட்டது உதவாது. கூகுள் படத்தைக் காட்டுகிறதே தவிர அதற்கு உரிமையாளர் அல்ல. ‘தம்பி போட்டார், எனக்குத் தெரியாது’ என்பதும் நட்டஈட்டுப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது, ஏனெனில் தளம் உங்கள் பெயரில். தொகையில் ஒரு பங்கைத் தம்பியிடம் கேட்பது உங்கள் இருவருக்கும் இடையிலான விடயம்.

இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் படங்களையும் காக்கிறது, பேர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தால் வெளிநாட்டவரின் படங்களுக்கும் அது பொருந்தும். உண்மையான நட்டத்தை நிரூபிப்பதற்குப் பதிலாக, 50,000 ரூபாவிலிருந்து 10 இலட்சம் வரை சட்டபூர்வ நட்டஈடு கேட்கவும் அதில் வழி உண்டு. வழக்கென்றால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம். ஜேர்மனியிலிருந்து ஒற்றைப் படத்துக்காக அங்கே வந்து வழக்காடும் செலவு அவர்களுக்கும் தெரியும். விலை பேச உங்களுக்குப் பிடி கிடைப்பது அங்கேதான். வேறு கடிதங்களில் 150,000 டொலர் என்றிருந்தால் மிரளாதீர்கள்: அது வேண்டுமென்றே செய்த மீறலுக்கு அமெரிக்கச் சட்டம் வைத்த உச்சவரம்பு, அதுவும் படம் அங்கே உரிய காலத்தில் பதிவாகியிருந்தால் மட்டுமே.

இனிப் பதில். ஆங்கிலத்தில், சுருக்கமாக, கெடுவுக்குள் அனுப்புங்கள். ‘உரிமைக்குப் பாதகமின்றி’ என்ற பொருளில் ‘Without Prejudice’ என்று தலைப்பிடுங்கள். படத்தை அகற்றிவிட்டோம், இது பொறுப்பை ஒப்புக்கொள்வதாகாது என்று சொல்லி மூன்றைக் கேளுங்கள்: படக்காரர்தான் உரிமையாளர் என்பதற்கான சான்று (மூலக் கோப்பு போல), அவர் இவர்களுக்குக் கொடுத்த எழுத்து அதிகாரம், 780 யூரோ எப்படி வந்தது என்ற கணக்கு. மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதாதீர்கள். எத்தனை வருடம் போட்டிருந்தோம், எத்தனை விருந்தினர் வந்தார்கள் என்று நீங்களாகச் சொல்லவும் வேண்டாம்.

சான்று சரியாக வந்தால் பேரம் பேசுங்கள். அதே படக்காரர் அதே அளவுப் படத்தைத் தன் தளத்திலோ படங்களை விற்கும் ஸ்டொக் தளத்திலோ என்ன விலைக்கு விற்கிறார் என்று பார்த்து, அந்த விலைப் பக்கத்தை இணைத்து, அதைச் சற்றுத் தாண்டிய தொகையைச் சொல்லுங்கள். ஐந்து அறை விடுதி, அது தளத்தின் ஒரு பக்கத்தில் இருந்த படம் என்பதையும் சொல்லலாம். விலைப்பட்டியலே காட்டாமல் தொகையை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர்களிடம் நான் அசையமாட்டேன். நீதிமன்ற அழைப்பாணையோ இலங்கைச் சட்டத்தரணியின் கடிதமோ வந்தால் தனியே பேசுவதை நிறுத்தி, பதுளையிலோ கொழும்பிலோ புலமைச் சொத்து பார்க்கும் சட்டத்தரணியிடம் போங்கள்.

ஒத்துக்கொண்டால், பணம் அனுப்புமுன் தீர்வுப் பத்திரத்தைக் கையொப்பத்தோடு பெறுங்கள். அதில் படம், இணைய முகவரிகள், கடந்தகாலப் பயன்பாடு முழுவதும், படக்காரரும் முகவரும் இனி எதுவும் கோரமாட்டார்கள் என்பது எல்லாம் இருக்க வேண்டும். படக்காரர் பெயர் விடுபட்டால் நாளை அவரே தனியாக எழுதலாம். பணம் போகும் கணக்கின் பெயர் பத்திரத்திலுள்ள பெயரோடு ஒத்திருக்க வேண்டும்.

இதே வாரத்தில் தளத்தின் மற்றப் படங்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். விருந்தினர் ரிவியூவில் போட்ட படமும் அவருடையதே, எடுத்துப்போட அவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். தெமோதரையிலுள்ள அந்த ஒன்பது வளைவுப் பாலமும் லிப்டன் இருக்கை என்ற மலைக்காட்சி இடமும் உங்கள் வாசலிலிருந்து தூரமில்லை. ஒரு காலைப்பொழுதில் கைப்பேசியில் எடுத்து, அந்த மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள்.