புகையிலைப் பைப் பற்றவைக்க நம்பகமான வழி எது: தீக்குச்சியா, லைட்டரா?

சிகரெட் லைட்டரால் பைப் பற்றவைத்தால் கட்டைவிரல் சுடுகிறது, நாலு இழுப்பில் அணைந்தும் விடுகிறது, அதனால் ஜெட் லைட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். வீட்டுக்குள் என்றால் மரத் தீக்குச்சி. காற்றடிக்கும் இடம் என்றால் பைப்புக்கென்றே செய்த, கல் உரசிப் பற்றும் லைட்டர். பல வருடங்களாகப் பைப் பிடிப்பவன் என்ற முறையில் இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன். (இதுவரை பைப் தொடாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்றுநோய் ஆபத்து உண்டு.)

ஜெட் ஏன் கூடாது? நீலமாகச் சீறி வரும் அந்தத் தீ ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். சுருட்டுக்கு அது பரவாயில்லை, எப்படியும் சாம்பலாகப் போகிற நுனியைத்தான் தொடுகிறது. நம் பிரையர் பைப்போ மத்தியதரைக் கடல் பக்கம் வளரும் ஒரு புதரின் வேர்முண்டில் கடைந்தது. எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மரம்தானே. விளிம்பில் ஜெட் தீ பட்டால் கருகும், அந்தக் கருகல் துடைத்தால் போகாது, மரத்தையே தேய்த்து எடுக்க வேண்டும். புகையிலையும் தேவைக்கு மேல் சூடாகிப் புகை நாக்கை எரிக்கும்.

மஞ்சள் தீயின் குணம் வேறு. நீங்கள் இழுக்க இழுக்கத் தானாகவே பைப்பின் கிண்ணத்துக்குள், அதாவது புகையிலை அடைக்கும் குழிக்குள், வளைந்து இறங்கும். பைப் பற்றவைப்பதில் முக்கியமே இதுதான், தீ கீழ்நோக்கிப் போக வேண்டும், அதுவும் சில விநாடி நின்று எரிய வேண்டும். சாதாரண சிகரெட் லைட்டர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. சாய்த்துப் பிடித்தால் தீ மேலே எழும்பி விரலுக்குத்தான் வரும்.

சரி, தீக்குச்சிக்கு வருவோம். மரக்குச்சி என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல பெட்டிக்கடைகளில் மெழுகுக் குச்சியைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அது சூட்டில் வளைந்துவிடும், மெழுகு மணமும் முதல் இழுப்பிலேயே தெரியும். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்து மரக்குச்சிப் பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய்க்கு ஏறியது 2021 டிசம்பரில். அதற்கு முன் 14 வருடம் விலை ஏறவே இல்லை. பைப் பிடிப்பவருக்கு வேண்டிய சாமான்களில் இதைவிட மலிவானது கிடையாது.

உரசிய உடனே குச்சியைக் கிண்ணத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முனை மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கும். அது சீறி அடங்கி, மரம் எரியத் தொடங்கிய பிறகுதான் புகையிலைக்குக் கிட்டே போக வேண்டும். இரண்டு விநாடி பொறுத்தால் போதும், கந்தக நெடி வராது. நம் ஊர்க் குச்சி குட்டை என்பதால் இரண்டைச் சேர்த்துப் பிடித்து உரசுங்கள், தீ பெரிதாக நிற்கும். ஹோம்லைட்ஸ் போன்ற பெரிய குச்சி கிடைத்தால் அதுவும் தேவையில்லை.

தீக்குச்சிக்கு எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியின் பக்கப் பட்டை நமுத்துவிடும். சிவப்பு பாஸ்பரஸ் அதில்தான் இருக்கிறது, அது போனால் குச்சி எவ்வளவு காய்ந்திருந்தாலும் பற்றாது. பெட்டியை அப்படியே மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். பட்டையை மட்டும் வெட்டிக் குச்சிகளோடு கலந்து போடாதீர்கள், குலுங்கும்போது உரசித் தீப்பிடிக்கலாம்.

லைட்டர் என்றால் நான் பார்ப்பது இரண்டு விஷயம். தீ சாய்வாகவோ பக்கவாட்டிலோ வர வேண்டும். பொறி கல்லிலிருந்து வர வேண்டும். பட்டனை அழுத்தினால் டிக்கென்று மின்பொறி வரும் வகை நன்றாக ஓடும்வரை சுகம், நின்றுபோனால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கல் தேய்ந்தால் சில ரூபாயில் வேறு போட்டுக்கொள்ளலாம். ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் அவுர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் கண்டுபிடித்த சீரியம், இரும்பு கலந்த உலோகம்தான் அந்தக் கல். இன்றுவரை அதன் அடிப்படை மாறாமல் இருப்பதே எனக்குப் போதுமான சான்று.

ஜப்பானின் கொரோனா நிறுவனத்து 'ஓல்ட் பாய்' லைட்டர் இரண்டிலும் தேறும். தீ சாய்ந்து வரும், புகையிலையை அழுத்தும் டாம்பர் உடம்போடு சேர்ந்தே இருக்கும். விலை அதிகம். கட்டுப்படாது என்றால் ஜிப்போவின் பைப் லைட்டர். சாதாரண ஜிப்போவை வாங்கிவிடாதீர்கள், பைப்புக்கானதில் காற்றுத்தடுப்புக் கூண்டின் பக்கத்தில் பெரிய வட்ட ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையைக் கிண்ணத்தின் மேல் வைத்து இழுத்தால் தீ அதன் வழியாக உள்ளே இறங்கும். கடற்கரைக் காற்றில்கூட நம்பலாம். அதன் குறை, உள்ளே ஊற்றும் நாஃப்தா எண்ணெயின் மணம். கொஞ்சம் எரியவிட்டுப் பற்றவைத்தால் பெரும்பாலும் போய்விடும், ஆனாலும் மென்மையான வர்ஜீனியா புகையிலையில் எனக்கு அது நாக்கில் தட்டுகிறது. பயன்படுத்தாமல் வைத்தாலும் ஒன்றிரண்டு வாரத்தில் எண்ணெய் ஆவியாகிவிடும், அதையும் நினைவில் வையுங்கள். அடிப்பகுதித் துணிப்பட்டையைத் தூக்கி ஓர் உதிரிக் கல் போட்டு வைப்பது நல்லது.

குறைந்த விலையில் கிளிப்பர் லைட்டர் பரவாயில்லை. கேஸ் நிரப்பலாம், கல் இருக்கும் குழலை உருவி டாம்பராகப் பயன்படுத்தலாம். அதற்கும் கீழே, தூக்கிப்போடும் பிளாஸ்டிக் லைட்டர் பக்கம் போக வேண்டாம். 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய அரசு தடை செய்தது. தீப்பெட்டித் தொழில் நசிகிறது என்று தமிழ்நாட்டிலிருந்து எழுந்த கோரிக்கை அதன் பின்னால் இருந்தது. அந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அந்த முடிவு எனக்கு முழுச் சம்மதம்.

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கேஸ் லைட்டர் திணறினால் பழுது என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பியூட்டேன் கேஸ் கொதிப்பதே மைனஸ் அரை டிகிரியில். குளிர் அதிகமாக ஆக உள்ளே அழுத்தம் இறங்கித் தீ சுருங்கும். உள்பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருந்தால் ஒழுங்காகப் பற்றும்.

அப்புறம், அடிக்கடி அணைகிறது என்றீர்களே, அதற்கு லைட்டர் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. புகையிலையைக் கிள்ளி அழுத்திப் பாருங்கள். உருண்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், காகிதத்தில் பரப்பி அரை மணி நேரம் காயவிடுங்கள். மெல்ல உதிர்ந்தால் சரியான பதம். முதல் தடவை தீயை மேற்பரப்பு முழுக்க வட்டமாகச் சுற்றிக் காட்டி மெதுவாக இழுங்கள். இழைகள் கருகி மேலே எழும்பும். அப்போது அணைந்தால் அணையட்டும், டாம்பரால் லேசாகத் தட்டிச் சமமாக்கிவிட்டு இரண்டாவது தடவை பற்றவையுங்கள். இந்தத் தடவைதான் நிற்கும். அழுத்தி அடைத்துவிட்டால் எந்தத் தீயாலும் பயனில்லை.

விமானத்தில் போகும்போது லைட்டரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்திய விமான நிலையங்களில் கைப்பையில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், திரும்பக் கிடைக்காது. இறங்கிய ஊரில் முதல் வேலையாக ஒரு மரக்குச்சித் தீப்பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.