பான்ஹாமைக் கேட்பதை நிறுத்தலாமா?

வணக்கம் சார்,

டிரம்ஸ் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படித்து வருகிறேன். ஏழு வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறேன். நண்பர்களோடு ஒரு சின்னக் குழுவும் உண்டு. ஆரம்பத்திலிருந்தே எனக்கு லெட் செப்பலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாம்தான் எல்லாம். அவருடைய ஃபில்கள் (தாளத்துக்கு நடுவே வரும் சின்ன அலங்காரங்கள்) முக்கால்வாசி மனப்பாடம். இப்போது அதுவே வினையாகிவிட்டது. “எந்தப் பாட்டுக்கு வாசித்தாலும் லெட் செப்பலின்தான் கேட்கிறது, நீ எங்கேடா?” என்று எங்கள் கிட்டாரிஸ்ட் கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான், ஆனால் தைத்துவிட்டது.

சொந்தமாக ஒரு பாணி வர வேண்டுமென்றால், கொஞ்ச காலம் மற்ற டிரம்மர்களைக் கேட்காமலே இருப்பது நல்லதா? இல்லை, நிறையப் பேரைக் கேட்க வேண்டும் என்றால், கட்டாயம் கேட்க வேண்டிய பத்துப் பேரின் பட்டியல் தருவீர்களா? எங்கள் ஒத்திகைப் பதிவை இணைத்திருக்கிறேன், நேரமிருந்தால் கேளுங்கள். கடைசியாக ஒரு சில்லறைக் கேள்வி: டபுள் பெடல் (இரண்டு காலாலும் அடிக்க உதவுவது) வாங்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பதிவை இரண்டு முறை கேட்டேன். உங்கள் கிட்டாரிஸ்ட் சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை. அதில் பான்ஹாம் அதிகமாகிவிட்டார் என்பது அவர் புகார். எனக்கோ பான்ஹாம் போதவில்லை என்று பட்டது. அவருடைய சத்தம் இருக்கிறது, ஃபில்கள் இருக்கின்றன, பாட்டை முடிக்கும்போது செய்யும் ஆர்ப்பாட்டமும் இருக்கிறது. ஒரு ஃபில்லுக்கும் அடுத்த ஃபில்லுக்கும் நடுவில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை மட்டும் நீங்கள் கவனிக்கவே இல்லை. மற்ற டிரம்மர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது பெரும்பாலும் அந்த நடுப்பகுதியைத்தான்.

உங்கள் பதிவின் மூன்றாவது பாட்டில் ஒரு ஹாஃப் டைம் ஷஃபிள் வாசிக்கிறீர்கள், மூன்று மூன்றாக ஆடி நடக்கும் தாளம் அது. 1979இல் வந்த ‘ஃபூல் இன் தி ரெயின்’ பாட்டில் பான்ஹாம் வாசித்ததைப் பார்த்துச் செய்தது என்று தெரிகிறது. அதன் அடிப்படை அச்சைப் பிரித்துப் பார்ப்போம். ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, தகிட தகிட தகிட தகிட என்று வாயால் சொல்லுங்கள். ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, நான்கு தகிட. வலது கை ஹை-ஹேட்டில் (காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டு) ‘த’விலும் ‘ட’விலும் விழும், ‘கி’யை விட்டுவிடும். விட்டுப்போன அந்தக் ‘கி’ இடது கையின் பொறுப்பு. ஸ்நேர் டிரம்மின் தோலுக்கு ஓர் அங்குலம் மேலிருந்து ஸ்டிக்கைச் சும்மா விழவிட்டால் போதும். இதைத்தான் கோஸ்ட் நோட் என்கிறார்கள். தனியாகக் கேட்காது, எடுத்துவிட்டால் பாட்டு சப்பென்று ஆகிவிடும். மூன்றாவது தகிடவின் ‘த’வில் மட்டும் அதே இடது கை ஓங்கி அடிக்க வேண்டும்.

கஷ்டம் அதற்கு அடுத்த கணத்தில் இருக்கிறது. ஓங்கி அடித்த கை, உடனே வரும் ‘கி’யில் மறுபடி ஓர் அங்குல உயரத்திலிருந்து விழ வேண்டும். எகிறி வரும் ஸ்டிக்கை விரல்களால் பிடித்துத் தாழ்வாக நிறுத்தினால்தான் அது முடியும். மணிக்கட்டை இறுக்கினால் இரண்டு அடியும் ஒரே சத்தத்தில் கேட்கும், அல்லது இரண்டாவது அடி காணாமல் போகும். உங்களுக்குக் காணாமல் போகிறது. அதை மறைக்க ஹை-ஹேட்டை அதிகமாகத் திறந்துவிடுகிறீர்கள். பான்ஹாமும் அந்தப் பாட்டில் ஹை-ஹேட்டைத் திறப்பார். ஆனால் ஓரிடத்தில், ஒரு கணம், உடனே மூடிவிடுவார்.

(வாயால் சொல்லிப் பழகுவதைச் சின்னப் பிள்ளைகள் வேலை என்று நினைக்க வேண்டாம். ஜர்னி குழுவில் வாசித்துப் பெயர் வாங்கிய ஸ்டீவ் ஸ்மித், அதெல்லாம் ஆன பிறகு உட்கார்ந்து கொன்னக்கோல் கற்றுக்கொண்டார். மேடையிலும் சொல்கிறார்.)

இப்போது அந்த அச்சு யாருடையது என்று பாருங்கள். பெர்னார்ட் பர்டி என்ற டிரம்மரின் பெயரில்தான் உலகம் முழுக்க அதை ‘பர்டி ஷஃபிள்’ என்கிறார்கள். பாடகர்கள் ஜேம்ஸ் பிரவுனுக்கும் அரீதா ஃபிராங்க்ளினுக்கும் வாசித்தவர். ஸ்டீலி டேன் குழுவின் 1977ஆம் வருட ‘ஹோம் அட் லாஸ்ட்’ பாட்டில் அந்த ஷஃபிளை அவர் கையாலேயே கேட்கலாம். சின்ன வயதில் ரயில் ஓசையைக் கேட்டுக் கேட்டு அந்த நடையைப் பிடித்ததாக பர்டி சொல்லியிருக்கிறார். ஜேம்ஸ் பிரவுனின் இன்னொரு டிரம்மரான கிளைட் ஸ்டபிள்ஃபீல்டும் தான் வளர்ந்த ஊரின் ரயிலையும் ஆலைச் சத்தத்தையும்தான் காரணம் காட்டுவார். ஆக, அந்த வட்டாரத்துக்கே மூத்த குரு ரயில் எஞ்சின் போலிருக்கிறது.

கதை பான்ஹாமோடு முடியவில்லை. 1982இல் வந்த டோட்டோ குழுவின் ‘ரோசானா’வுக்கு ஜெஃப் போர்காரோ ஒரு அடியை அமைத்தார். பர்டியின் ஷஃபிளை எடுத்துக்கொண்டார். ‘ஃபூல் இன் தி ரெயின்’ பான்ஹாமையும் எடுத்துக்கொண்டார். காலால் அடிக்கும் கிக் டிரம்மில் மட்டும் போ டிட்லியின் தாளத்தைப் போட்டார். போ டிட்லி டிரம்மரே இல்லை, கிட்டார்காரர்! இவ்வளவையும் போர்காரோ ஒளித்து வைக்கவில்லை. ஒரு பயிற்சி வீடியோவில், இது இன்னாரிடமிருந்து, இது இன்னாரிடமிருந்து என்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, கடைசியில் மூன்றையும் சேர்த்து வாசிக்கிறார். மூன்று துண்டும் கடன் வாங்கியவை. சேர்ந்து வருவதைக் கேட்டால் போர்காரோ என்று முதல் பாரிலேயே தெரிகிறது.

ஆகவே ‘கேட்காமல் இருப்பது’ என்ற யோசனையை விட்டுவிடுங்கள். அப்படி இருந்து உருப்பட்ட டிரம்மர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. டோனி வில்லியம்ஸ் 1963இல் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. கொஞ்ச நாளிலேயே ஜாஸ் டிரம்ஸ் அவருக்கு முன், அவருக்குப் பின் என்று ஆகிவிட்டது. அந்தப் பையன் அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தான்? மேக்ஸ் ரோச்சைப் போல, ஆர்ட் பிளேக்கியைப் போல, ஃபில்லி ஜோ ஜோன்ஸைப் போல, ஒவ்வொருவராக எடுத்து, அச்சு அசலாக வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தான். ஏறத்தாழ அல்ல, அச்சு அசலாக. ஒருவர் ஓர் அடியை ஏன் அந்த இடத்தில் வைத்தார் என்பது, அதே அடியை அதே அழுத்தத்தில் அதே இடத்தில் நீங்களும் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். நீங்கள் செய்வது அரைகுறைப் போலச்செய்தல். கோபித்துக்கொள்ள வேண்டாம், ஏழாவது வருடத்தில் எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

அச்சு அசலாகப் போக முயன்றாலும் உடம்பு விடாது என்பது வேறு விஷயம். பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் இடது கைக்காரர், வலது கைக்காரர்களுக்காக அடுக்கிய டிரம்ஸில் வாசித்தார். டாம் டிரம்களைச் சுற்றி ஃபில் போகும்போது மற்றவர்கள் வலது கையில் தொடங்குவார்கள், அவருக்கு இடது கைதான் முந்தும். அதனால் கை மாறும் இடத்தில் ஓர் இழுப்பு, ஒரு சின்னத் தாமதம். தேர்ந்த டிரம்மர்கள்கூட அவருடைய ஃபில்களை வாசிக்கப்போய் ‘எளிதுதானே’ என்று உட்கார்ந்து திணறுவதைப் பார்த்திருக்கிறேன். சார்லி வாட்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸில், ஸ்நேரை அடிக்கும்போது ஹை-ஹேட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார். அவருடைய ஆதர்சமோ ராக் ஆளே இல்லை. ஜாஸ் டிரம்மர் சிக்கோ ஹாமில்டன் கம்பிப் பிரஷ்ஷில் வாசித்ததைக் கேட்டுவிட்டு, தன்னிடமிருந்த பேன்ஜோவின் கழுத்தைக் கழற்றி, மிச்சத்தை ஸ்நேராக்கி வாசித்த பையன் அவர்.

இவர்களெல்லாம் ஆட்கள். ஓர் இயந்திரத்தைப் பார்த்துக் கைகள் மாறிய கதையும் உண்டு. ஜே டில்லா ஹிப் ஹாப் தயாரிப்பாளர், 2006இல் மறைந்தார். அகாய் எம்பிசி என்ற மின்னணுத் தாளக் கருவியில் டிரம்ஸ் போடும்போது சில அடிகளைத் தாளக் கட்டத்துக்குள் சரியாக வைப்பார், சிலவற்றைத் தலைமுடியளவு முன்னே பின்னே தள்ளிவிடுவார். கேட்பவருக்கு, யாரோ தள்ளாடிக்கொண்டே, ஆனால் விழாமல் நடப்பது போலிருக்கும். தி ரூட்ஸ் குழுவின் டிரம்மர் குவெஸ்ட்லவ் அதுவரை கடிகாரம் மாதிரி வாசிப்பதில் பெருமைப்பட்டவர். டில்லாவைக் கேட்டபின் தன் கையிலிருந்த ஒழுங்கைத் தானே குலைத்துப் பழக வேண்டியிருந்தது. 2000இல் வந்த பாடகர் டி’ஆஞ்சலோவின் ‘வூடூ’ ஆல்பத்தில் அந்தக் குலைப்பைக் கேட்கலாம். இன்று டிரம்ஸ் பள்ளிகளில் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். ஒருவர் பொத்தானை அமுக்கிச் செய்ததை, பத்து விரலும் இரண்டு காலும் வைத்துச் செய்ய ஒரு தலைமுறையே மெனக்கெட்டது என்பதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

பட்டியல் கேட்டிருந்தீர்கள். பத்துப் பேர் பட்டியல்கள் ஆயிரம் கிடைக்கும், எல்லாவற்றிலும் அதே பத்துப் பேர். நான் தரப்போவதில்லை. அதற்குப் பதிலாக, உங்களுக்குப் பிடித்த பான்ஹாமிடமே ‘நீங்கள் யாரைக் கேட்டீர்கள்?’ என்று கேட்டுக்கொண்டு பின்னால் போங்கள். அவர் சிறுவயதில் வியந்தவர் ஜீன் குரூப்பா. குரூப்பா இளவயதில் சிகாகோவில் தேடிப்போய்க் கேட்டவர்களில் ஒருவர் பேபி டாட்ஸ், நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்தவர். இந்தக் கோட்டில் மூன்றே பேர்தான். பழைய பதிவுகள் கரகரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கோடு மேக்ஸ் ரோச்சிடம் போகிறது. அவருடைய ‘தி டிரம் ஆல்சோ வால்ட்ஸஸ்’ வேறு வாத்தியமே இல்லாத தனி டிரம்ஸ் உருப்படி. கால்கள் மூன்றின் கணக்கில் ஒரே சுற்றை அலட்டிக்கொள்ளாமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். கைகள் மேலே ஒரு வாக்கியம் பேசும், நிறுத்தும். நிறுத்திய இடத்தில் கால் மட்டும் கேட்கும். பிறகு கைகள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும். அதன் சாயலைப் பான்ஹாம் தன் நீண்ட தனி ஆவர்த்தனங்களில் கொண்டுவந்திருக்கிறார். உங்கள் தனி ஆவர்த்தனத்தில் கைகள் ஓர் இடத்திலும் நிறுத்துவதில்லை, ஆர். ஒரு தடவையாவது நிறுத்திப் பாருங்கள்.

இதே மேக்ஸ் ரோச்சின் ஹை-ஹேட் பாடம் ஒன்று பத்திரிகை வழியாக நைஜீரியாவின் லாகோஸில் ஓர் இளைஞர் கைக்குக் கிடைத்தது. அங்கே அப்போது ஹை-ஹேட்டை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லையாம். அவர் அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டு, தான் கேட்டு வளர்ந்த தாளங்களோடு சேர்த்து வாசித்துப் பார்த்தார். அவர்தான் டோனி ஆலன். நைஜீரியப் பாடகர் ஃபேலா குட்டியோடு சேர்ந்து ஆஃப்ரோபீட் என்ற இசைவகையை உருவாக்கியவர். ஒரே மேக்ஸ் ரோச்சைக் கேட்டு ஒருவர் பான்ஹாம் ஆகிறார், ஒருவர் டோனி ஆலன் ஆகிறார். இருவரையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒரே வீட்டுச் சொந்தக்காரர்கள் என்று சத்தியம் செய்தாலும் உங்கள் கிட்டாரிஸ்ட் நம்ப மாட்டார்.

வயது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ‘ஏழு வருடம் ஆகிவிட்டது’ என்ற தொனி கடிதத்தில் இருந்ததால் சொல்கிறேன். ரஷ் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட் 1974இல் அந்தக் குழுவில் சேர்ந்தவர். அவரைப் பார்த்து ஸ்டிக் பிடித்த பிள்ளைகள் உலகமெங்கும் இருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அவர் ஃப்ரெடி குரூபர் என்ற ஆசிரியரிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார், ஸ்டிக் பிடிக்கும் முறையையே மாற்றிக்கொண்டு முதலிலிருந்து பழகினார். பிற்பாடு ஜாஸ் டிரம்மர் பீட்டர் எர்ஸ்கினிடமும் போனார்.

செய்ய வேண்டியது என்று கேட்டால் இவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு ஃபில்லே வேண்டாம். மேலே சொன்ன ஷஃபிளின் ஒரே ஒரு பாரை எடுத்து, மிக மெதுவாக, அந்த மூன்றாவது ‘கி’ ஒவ்வொரு முறையும் கேட்கும் வரைக்கும் வாசியுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோனில் பதிவு செய்யுங்கள். வாசிக்கும்போது காது பொய் சொல்லும். பிறகு ‘ஹோம் அட் லாஸ்ட்’, ‘ஃபூல் இன் தி ரெயின்’, ‘ரோசானா’ மூன்றோடும் சேர்ந்து வாசித்துப் பாருங்கள். மூன்றிலும் உங்கள் கை ஒரே மாதிரி விழுந்தால் நீங்கள் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை என்று அர்த்தம், ஏனென்றால் அந்த மூன்று பேரும் ஒரே மாதிரி வாசிக்கவில்லை. அடுத்த பதிவையும் அனுப்புங்கள். முடிந்தால் கிட்டாரின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து.

டபுள் பெடல் இப்போது வேண்டாம். ‘குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்’ பாட்டின் கிக் டிரம்மைக் கேட்டுவிட்டுத்தான் அந்த ஆசை வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் பான்ஹாம் ஒற்றைப் பெடலில்தான் வாசித்தார்.