பழைய நெகடிவை டிஜிட்டலாக்குவது எப்படி? கேள்வி பதில்

கே: 35 மி.மீ. கலர் நெகடிவ் 60 ரோல் இருக்கு அண்ணா. கையில் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (ஃபிலிம் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா. ஸ்கேனர் வாங்கணுமா?

ப: வேண்டாம். ரோலுக்கு 36 படம் வீதம் 60 ரோல் என்றால் 2,160 ஃப்ரேம். ஸ்கேனரில் ஃப்ரேமுக்கு மூன்று நிமிடம் வைத்தாலே 108 மணி நேரம். கேமராவில் ஒரு ரோல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும்.

மிக அருகில் வைத்துப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ் ஒன்று வேண்டும். ஃபிலிம் ஃப்ரேம் 36 மி.மீ. அகலம், உங்கள் சென்சார் ஏறக்குறைய 23.5, அதனால் 0.65 மடங்கு உருப்பெருக்கம் போதும். ஃபிலிமுக்கு அடியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95க்கு மேலுள்ள எல்ஈடி பேனல். ஃபிலிமைப் பேனலைத் தொடும்படி வைக்காதீர்கள். இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி விட்டால் பேனல்மேல் உள்ள தூசி ஃபோகஸில் விழாது. ஃப்ரேமைச் சுற்றித் தெரியும் வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறையுங்கள். விட்டால் லென்ஸுக்குள் சிதறிப் படம் வெளிறும்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது மட்டம் பார்ப்பதில். ஃபிலிம் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றை வையுங்கள். லென்ஸின் பிம்பம் வியூஃபைண்டரின் நடுவில் விழுந்தால் கேமரா நேராக இருக்கிறது. விழாவிட்டால் ஒரு மூலை மங்கும்.

பிறகு ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ரா (கேமரா சுருக்காமல் தரும் மூலக் கோப்பு), 2 விநாடி டைமர். எஃப்/16க்குப் போனால் சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷனில் கூர்மை போகும். எக்ஸ்போஷர் மேனுவல், ரோல் முழுக்க ஒரே அளவு. கலர் நெகடிவின் ஆரஞ்சு நிறத்தால் சிவப்புச் சேனல்தான் முதலில் நிரம்பி வழியும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு வந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து, ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள். எல்ஈடி துடிப்பதுதான் காரணம்.

கே: ஃபோட்டோஷாப்பில் இன்வர்ட் செய்தால் (நெகடிவைத் தலைகீழாக்கினால்) எல்லாம் நீலமாக வருது. ஃபிலிம் கெட்டுப்போச்சா?

ப: கெடவில்லை. நெகடிவில் தெரியும் ஆரஞ்சு, சாயங்களின் குறையை ஈடுகட்டக் கம்பெனியே வைத்தது. தலைகீழாக்கினால் நீலம்தான் வரும். இன்வர்ட் செய்வதற்கு முன், ஃப்ரேம்களுக்கு நடுவே படம் விழாத இடத்தில் ஒயிட் பேலன்ஸ் எடுங்கள். இன்வர்ட் செய்தபின் லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக இருபக்கமும் இழுத்துச் சரிசெய்யுங்கள். மொத்தமாக இழுத்தால் நிறம் சேராது. லைட்ரூம் கிளாசிக் இருந்தால் நெகடிவ் லேப் புரோ என்ற பிளக்-இன் இந்த வேலையைச் செய்துவிடும்.

கே: மொபைல் ஆப் போதுமா சார்?

ப: வாட்ஸ்அப்புக்குப் போதும்.

கே: அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 120 அளவு (35 மி.மீ.யைவிட அகலமான) கறுப்பு வெள்ளை நெகடிவ்கள் இருக்கு. ஸ்கேனரில் தூசி நீக்கும் ஆப்ஷன் போட்டால் முகமே சிதையுது.

ப: அதை அணையுங்கள். அது இன்ஃப்ராரெட் ஒளியில் தூசியைத் தேடும். கலர் சாயம் அந்த ஒளியைத் தடுக்காது, தூசி தடுக்கும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள், அதுவும் தடுக்கும். எனவே முகத்தையே தூசி என்று நினைத்து அழிக்கிறது. கலர் கெமிக்கலில் கழுவும் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 மாதிரி ஃபிலிமில் மட்டும் இது வேலை செய்யும். உங்களுடையதற்கு ரப்பர் புளோயரும் பொறுமையும்தான்.

கே: அதே பெட்டியில் சிலதில் பூஞ்சை. தண்ணீரில் அலசலாமா?

ப: கூடாது! பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படம் சேர்ந்து போய்விடும். ஜெலட்டின் உள்ள மங்கலான பக்கத்தில் கை வைக்காமல் அப்படியே முதலில் படம் எடுங்கள். பளபளப்பான பக்கத்தை மட்டும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட மென்துணியால், ஒரு ஓரத்தில் சோதித்துவிட்டுத் துடைக்கலாம். பிறகு சிலிகா ஜெல்லோடு மூடிய டப்பாவில்.

கே: கேமரா கேமரா என்கிறீர்கள். என் எப்சன் வி600 ஃபிளாட்பெட் (கண்ணாடிமேல் வைத்து எடுக்கும்) ஸ்கேனர் 6,400 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 6,400 புள்ளி. 55 மெகாபிக்சல் வருது. உங்கள் 24 எங்கே?

ப: கோப்பு 55, அதில் உள்ள விவரம் 3. அந்த ஸ்கேனர் உண்மையில் பிரித்துக் காட்டுவது சுமார் 1,500 டிபிஐ. 35 மி.மீ.க்கு அது ஏறக்குறைய 2,100 × 1,400 பிக்சல். மீதி வெறுமனே ஊதிப் பெருக்கியது.

கே: ஏ4 பிரிண்ட் போட்டேன், நன்றாகத்தான் இருக்கு!

ப: ஏ4க்கு 300 டிபிஐயில் 3,508 × 2,480 வேண்டும். பக்கத்தில் கேமரா பிரிண்ட் இல்லாததால் நன்றாக இருக்கிறது. ஒரே ஃப்ரேமை 1,600இலும் 6,400இலும் ஸ்கேன் செய்து, சின்னதைப் பெரிதாக்கிக் கண் இமைகளை ஒப்பிடுங்கள்.

கே: அப்போ ஃபிளாட்பெட் குப்பையா?

ப: நான் அப்படிச் சொல்லவில்லை. 120 ஃபிலிமில் 6×6 என்ற சதுர ஃப்ரேம் பக்கத்துக்கு 56 மி.மீ.; அதே 1,500இல் 11 மெகாபிக்சல் உண்மையாகவே கிடைக்கும். மேலே கேட்ட ஸ்டூடியோக்காரருக்கு ஃபிளாட்பெட் சரியான கருவி. 35 மி.மீ.க்குத்தான் வீண். கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டி வானவில் வளையம் வந்தால் ஹோல்டரில் உயர்த்தி வையுங்கள்.

கே: மொபைலில் எடுத்தால் போதுமா?

ப: மேலே பாருங்கள்.

கே: போன் திரையையே லைட்டாக வைக்கலாமா?

ப: திரையின் பிக்சல் புள்ளிகள் படத்தில் விழும். நடுவே பால் நிற அக்ரிலிக் வைத்து ஃபிலிமை ஐந்து செ.மீ. உயர்த்தினால் கறுப்பு வெள்ளைக்கு ஒப்பேற்றலாம். கலருக்கு வேண்டாம்.

கே: டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை.

ப: அசிடேட் ஃபிலிம் சிதைகிறது. மற்றவற்றிலிருந்து இன்றே பிரியுங்கள், அது பரவும். சுருங்கி நெளிவதற்குள் இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

கே: ஸ்கேன் முடிந்ததும் நெகடிவைத் தூக்கிப் போடலாமா? ஐபோனில் எடுத்தால் தரம் வருமா?

ப: போடாதீர்கள், ஹார்டு டிஸ்க் போனால் மறுபடி எடுக்க அதுதான் இருக்கும். ஐபோனும் மொபைல்தான்.