கார்பரேட்டர் கஞ்சிலுக்கு டர்போ: முன்பணம் கொடுப்பதற்கு முன்

செந்தூலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பாவிடமிருந்து வந்த 1996-ஆம் ஆண்டு பெரோடுவா கஞ்சில் 660 அவரிடம் இருக்கிறது. நான்கு பேர் ஏறினால் கெந்திங் மலைப்பாதையில் வண்டி திணறுகிறது. தெரிந்தவர் ஒருவர் அழைத்துச் சென்ற பட்டறையில், கார்பரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, ஹாஃப்-கட் வண்டியிலிருந்து (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்) எடுத்த டர்போ ஒன்றைப் பொருத்தித் தருவதாகவும், எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரிங்கிட் ஆகும் என்றும், எஞ்சின் எண் மாறாததால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே பக்கமே போக வேண்டியதில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். நம்பலாமா என்பது அவர் கேள்வி.

நம்ப வேண்டாம். டர்போ பொருந்தாது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. இரண்டு குழாய்களை வளைத்துப் பற்றவைத்தால் எந்த எஞ்சினிலும் டர்போவைத் தொங்கவிடலாம், முதல் வாரம் வண்டி பறக்கவும் செய்யும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை மட்டும் அந்தப் பட்டறையில் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

கார்பரேட்டர் என்பது எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வேகத்தை வைத்துப் பெட்ரோலை அளந்து விடும் கருவி. டர்போவோ, வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அழுத்தப்பட்ட காற்று கார்பரேட்டரின் வாயில் நுழையும்போது, பெட்ரோல் நிற்கும் கிண்ணத்துக்கும் அதே அழுத்தம் போய்ச் சேர வேண்டும்; இல்லையென்றால் எஞ்சினுக்கு மிக அதிகமாகப் பெட்ரோல் தேவைப்படும் அந்த நொடியில்தான் பெட்ரோல் வராமல் நிற்கும். பழைய வண்டிகளின் பெட்ரோல் பம்ப் கொடுக்கும் அழுத்தம் சுமார் 0.2 முதல் 0.3 பார் வரைதான். டர்போ 0.4 பார் தள்ளினாலே போதும், பம்ப் தோற்றுவிடும். காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த அந்தக் கலவை அளவுக்கு மீறிய சூட்டில் எரிகிறது, எஞ்சின் தட்டுகிறது (கலவை நேரம் தவறித் தானாக வெடிக்கிறது), ஒருநாள் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுகிறது. வெயிலில் 35 டிகிரியாக உள்ளே வரும் காற்று, அந்தச் சிறிய அழுத்தத்திலேயே 80 டிகிரியை நெருங்கிவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ரான் 97 பெட்ரோல் ஊற்றுங்கள், சரியாகிவிடும்" என்பார்கள். தட்டலைச் சற்றுத் தள்ளிப்போட அது உதவும், வராத பெட்ரோலை வரவைக்காது. டர்போ அழுத்தம் கூடும்போது தீப்பொறி சற்றுத் தாமதமாக விழ வேண்டும், தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் உங்கள் வண்டியின் டிஸ்டிரிபியூட்டருக்கோ டர்போ இருப்பதே தெரியாது. ஆகவே மெக்கானிக் டைமிங்கை மொத்தமாகப் பின்னுக்குத் திருப்பி வைப்பார். ஜாலான் ஈப்போ நெரிசலில் வண்டி முன்பைவிட மந்தமாக நகரும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். கார்பரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைக்கும் இன்னொரு முறையை யாராவது பரிந்துரைத்தால் அவரிடம் பேச்சே வேண்டாம்.

தொழிற்சாலைகள் இதைச் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தன. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், தட்டலைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்கென்று தனித் தொட்டியே வைத்திருந்தது. உரிமையாளர்கள் அதை நிரப்ப மறந்தார்கள், பல வண்டிகளில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்பரேட்டரைப் போட வேண்டியதாயிற்று. 1982-இன் எம்ஜி மெட்ரோ டர்போவிலோ, கியர் பெட்டி தாங்காது என்று உற்பத்தியாளரே அழுத்தத்துக்கு வரம்பு கட்டினார்கள். பொறியாளர் படையே வைத்திருந்தவர்கள் பட்ட பாடு இது.

இப்போது உங்களை அழைத்துச் சென்ற அந்தத் "தெரிந்தவர்" பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தகைய கதைகளில் எஞ்சினைவிட அவர்தான் ஆபத்தானவர். பட்டறைக்காரரிடம் ஒரு பங்கு, ஹாஃப்-கட் கடையில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு, எஞ்சின் வெடிக்கும் நாளில் தொலைபேசியை எடுக்காமல் இருப்பதே அவருடைய தொழில். "எல்லாம் சேர்த்து" என்ற சொல்லில் எதுவெல்லாம் சேரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அழுத்தத்துக்கு ஏற்பப் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், புதிய பம்ப், கலவையைக் காட்டும் மீட்டர், டர்போவிலிருந்து எண்ணெய் தானாக இறங்கும்படி, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குச் சரிந்து செல்லும் அகலமான குழாய் ஆகிய நான்கும் அந்தத் தாளில் இருக்காது. டர்போவைக் காட்டினால், காற்று நுழையும் பக்கத்துச் சக்கரத்தின் நடு நட்டை இரு விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆடுவது இயல்பு. இழுப்பதும் தள்ளுவதும் கைக்குத் தட்டுப்பட்டாலோ, இறக்கைகளின் நுனி உறையில் உரசிய தடம் தெரிந்தாலோ, அது பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய பொருள். அப்படிப்பட்டதைத்தான் துடைத்துப் பளபளப்பாக்கி விற்கிறார்கள்.

எஞ்சின் எண் மாறவில்லை, அதனால் அனுமதி தேவையில்லை என்பது சுத்தப் புளுகு. வண்டியின் தொழில்நுட்ப அமைப்பை மாற்றினால் ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும்; 1959-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனக் கட்டுமான, பயன்பாட்டு விதிகள் இன்றும் இருக்கின்றன. காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் டர்போ போட்ட வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. அப்படியிருந்தும் இந்தப் புளுகு எப்படி விலைபோகிறது? தனியார் காருக்கு இங்கே ஆண்டுப் பரிசோதனை கிடையாது, பெரும்பாலும் பெயர் மாற்றத்தின்போதுதான் வண்டி பரிசோதனை மையத்துக்குப் போகிறது. முறையாக அனுமதி கேட்பவரைப் படிவத்துக்கு ஒரு கவுண்டர், பரிசோதனைக்கு ஓர் இடம், திருத்தத்துக்கு மறுபடியும் முதல் கவுண்டர் என்று அலையவைக்கும் அமைப்பு, கேட்காமல் ஓட்டுபவரை ஆண்டுக்கணக்கில் கண்டுகொள்வதே இல்லை. இடைத்தரகர் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கஞ்சில், ஜப்பானின் டாய்ஹட்சு மீராவின் வழி வந்த வண்டி. அந்த மீராவுக்குத் தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வந்த 660 சிசி எஞ்சின் உண்டு. சுருக்க விகிதம் (கலவையை அழுத்தும் அளவு) குறைந்த பிஸ்டன்கள், ஊசிவழிப் பெட்ரோல் செலுத்தும் முறை, தனக்கென்று ஒரு கணினி என்று எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்டது அது. ஜப்பானில் அந்த வகைச் சிறு கார்களின் உச்சம் 64 குதிரைத் திறன், உங்கள் குடும்பத்துக்கு அதுவே தாராளம். முழு எஞ்சினையும் மாற்றுவதானால் மட்டும் டர்போவைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் முதலில் ஜேபிஜேயில் கேட்டு, இந்த வண்டிக்கு இந்த எஞ்சினை ஏற்பார்களா என்று உறுதிசெய்த பிறகே பணம் கொடுங்கள். எஞ்சின் எண்ணைக் கைப்பேசிப் படத்தில் பார்க்காமல், விளக்கடித்து இரும்பிலேயே படித்து, ரசீதிலும் இறக்குமதித் தாளிலும் அதே எண் இருக்கிறதா என்று நீங்களே ஒப்பிடுங்கள். "பேப்பர் பிறகு வரும்" என்றால் எஞ்சினும் பிறகே வரட்டும். மேலும், ஊசிவழி எஞ்சினுக்கு 2.5 பாருக்குக் குறையாத பெட்ரோல் அழுத்தம் வேண்டும். கார்பரேட்டர் காலத்து ரப்பர் குழாய்களை அப்படியே விட்டால் தீப்பிடிக்கலாம். தொட்டியிலிருந்து எஞ்சின் வரை குழாயை மாற்றுவதும், பிரேக்கைப் பெரிதாக்குவதும் இந்தச் செலவில் சேர்ந்தவை. மூவாயிரத்தில் முடிகிற வேலை இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் வண்டிக்கு உண்மையில் டர்போதான் தேவையா என்று பாருங்கள். கெந்திங் உச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எந்தக் கார்பரேட்டர் எஞ்சினும் அந்த அளவு பலம் இழந்தே தீரும். ஆனால் கெந்திங்குக்கு ஏறும் பத்தாங்காலிப் பாதையின் அடிவாரத்திலேயே திணறுகிறது என்றால் கோளாறு வேறு. மூன்று சிலிண்டரிலும் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலை. மூன்று அளவுகளும் ஒட்டி இருந்தால் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைகளான ஜெட்டுகளில் தேய்ந்தவற்றையும் கேஸ்கெட்டுகளையும் மாற்றி, கிளட்ச் நழுவுகிறதா என்று பார்த்தாலே பாதித் திணறல் போய்விடும். ஒரு சிலிண்டர் மட்டும் கீழே நின்றால், அந்த எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யும் வரை டர்போ பேச்சையே எடுக்காதீர்கள்.