‘நைஸ்’ என்றால் என்ன? கேட்டதும் சொன்னதும்

கும்பகோணத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். ‘நைஸ்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

மன்னார்குடி மாணவி: டீச்சர், ‘நைஸ்’னா ஆதியில முட்டாள்னு அர்த்தமாமே, நிஜமா?

நிஜம்தான்மா. லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’. ‘நெ’ என்றால் இல்லை, ‘ஸ்கிரே’ என்றால் அறிதல், ஆக, அறியாதவன். சயன்ஸும் இதே ‘ஸ்கிரே’யில் பிறந்ததுதான். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘அசடு’ என்பதே பொருள். பிறகு கூச்சம், எதிலும் குறை காணும் குணம், நுணுக்கம் என்று நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிமையான’ ஆயிற்று.

திருவாரூர் வாசகர்: அசடு எப்படிங்க இனிமையாகும்?

1274ஆம் குறளை எடுத்துப் பாருங்கள். மொட்டுக்குள் இருக்கும் நாற்றம் போல, பேதையின் சிரிப்புக்குள்ளும் ஒன்று இருக்கிறது என்கிறான் காதலன். பேதை என்றால் அறிவில்லாதவள். பேதைமையை 84ஆம் அதிகாரம் முழுக்கக் கண்டிக்கிற வள்ளுவர், இங்கே அதே சொல்லைக் கொஞ்சலாக்குகிறார். அந்த ‘நாற்றம்’ அங்கே நறுமணம்; இன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்துகிறோம். ஒரே குறளில் ஒரு சொல் ஏறியிருக்கிறது, இன்னொன்று பின்னாளில் இறங்கிவிட்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

மயிலாடுதுறையில் மாவு மில் நடத்துபவர்: எல்லாரும் “நைஸா அரைங்க”ங்கறாங்க. இது நம்ம நொய்யிலேருந்து வந்ததா?

இல்லைங்க. நொய் தமிழ், நைஸ் லத்தீன் வழி. ஓசை கிட்டத்தில் இருந்தால் உறவாகிவிடாது. ஆனால் உங்கள் மில்லில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற பொருள் தனி அழகு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து மாவைத் தேய்த்துப் பார்ப்பீர்களே, நெறுநெறுப்பு இல்லையென்றால் நைஸ். சத்தமில்லாமல் நழுவினால் “நைஸா போயிட்டான்”. தாஜா பண்ணினால் “நைஸ் பண்றான்”. இவையெல்லாம் நாமே சேர்த்துக்கொண்டவை.

பாபநாசம் மாணவர்: ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’னா நல்ல வேறுபாடா, மேடம்?

நுணுக்கமான வேறுபாடு. பழைய பொருள் அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. ‘நல்ல’ என்று எழுதினால் தப்பு.

தஞ்சாவூர் ஆசிரியை: கட்டுரை முழுக்க ‘நைஸ்’னே எழுதறாங்க அக்கா. என்ன பண்றது?

அடித்துவிடாதீர்கள், என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த வருஷம், ஒரு பையன் ‘காவிரி நைஸாக இருந்தது’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினான். கேட்டேன். தமிழிலேயே சொன்னான்: “முன்னாடி நுரையும் சருகுமா வந்துச்சு டீச்சர், மணல்ல படுத்திருந்த நாய் எழுந்து எழுந்து பின்னாடி போச்சு.” அதைத்தான் எழுதச் சொன்னேன்.