மகளின் விடைத்தாளைப் பார்க்க ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: என் மகள் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு இணைந்த கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று அவள் சொன்ன காஸ்ட் அக்கவுன்டிங் பேப்பரில் 21 மதிப்பெண்தான் வந்திருக்கிறது. விடைத்தாள் நகல் கேட்டால், "அதெல்லாம் தருவதில்லை, வேண்டுமானால் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள்" என்கிறார்கள் கல்லூரி அலுவலகத்தில். தகவல் உரிமை ஆலோசகர் என்று கார்டு வைத்திருக்கும் ஒருவர், 4,500 ரூபாய் கொடுத்தால் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டு 48 மணி நேரத்தில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த 4,500 ரூபாயில் அவர் செய்யப்போவது ஒரு வெள்ளைத்தாளில் பத்து வரி எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தபாலில் போடுவது. அதை உங்கள் மகளே செய்யலாம். சொல்லப்போனால் அவள்தான் செய்ய வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் உரிமை இருக்கிறதா என்ற சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். இருக்கிறது. 2011 ஆகஸ்ட் 9 அன்று, சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. திருத்திய விடைத்தாள் 'தகவல்' என்ற சொல்லுக்குள் வரும். தேர்வு எழுதியவர் தன் தாளைப் பார்க்கலாம், சான்றிட்ட நகலும் பெறலாம். திருத்திய ஆசிரியர் நம்பிக் கொடுத்த தாளை வெளியே காட்டக்கூடாது என்று வாரியம் வாதாடியது, அது எடுபடவில்லை. திருத்தியவர் யார் என்பதை மட்டும் மறைத்துக்கொண்டு தரலாம், அவருடைய பாதுகாப்புக்காக. தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகளாகியும் "அதெல்லாம் தருவதில்லை" என்று ஒரு கிளார்க் தலையை நிமிர்த்தாமல் சொல்கிறார் என்றால், அவரை விட அவருக்கு மேலே உட்கார்ந்திருப்பவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். அவருக்கு யாரும் ஒரு சுற்றறிக்கைகூட அனுப்பியிருக்க மாட்டார்கள்.

சில பல்கலைக்கழகங்கள் நகல் தருவதற்கென்று தனித் திட்டம் வைத்திருக்கின்றன, ஒரு பேப்பருக்கு இத்தனை நூறு ரூபாய் என்று. உங்கள் பல்கலைக்கழகத்தில் அது இருந்து, பணமும் பெரிய பாரம் இல்லையென்றால் அதிலேயே கேளுங்கள், சீக்கிரம் வரும். ஆனால் "எங்கள் திட்டம் இருக்கும்போது ஆர்டிஐ செல்லாது" என்று சொன்னால் நம்பாதீர்கள். கம்பெனி செக்ரட்டரி படிப்பை நடத்தும் நிறுவனம் தன் விதிப்படி நகலுக்கு 500 ரூபாய் கேட்ட வழக்கு 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு வழியும் திறந்திருக்கிறது, ஆர்டிஐயில் கேட்டால் ஆர்டிஐ கட்டணம்தான் என்று ஆனது. தமிழ்நாட்டில் அது மனுவுக்குப் பத்து ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். நாற்பது பக்க விடைத்தாள் என்றாலும் மொத்தம் நூறைத் தாண்டாது.

சரி, இப்போது அந்த ஆலோசகரிடம் வருவோம். 48 மணி நேரம் என்ற விதி சட்டத்தில் இருக்கிறது. ஒருவருடைய உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்கு அது. காஸ்ட் அக்கவுன்டிங்குக்கு இல்லை. மற்ற எல்லாருக்கும் 30 நாள். 48 மணி நேரம் என்று சொல்லிப் பணம் வாங்கியவர், மூன்றாம் நாள் நீங்கள் போன் செய்தால் "யூனிவர்சிட்டியில் ஃபைல் மூவ் ஆகிக்கொண்டிருக்கிறது" என்பார். ஃபைல் எதுவும் மூவ் ஆகாது. மனுவே போயிருக்காது, அல்லது அவர் பெயரில் போயிருக்கும்.

இந்தக் கடைசி விஷயம்தான் பெரிய பள்ளம். நிறைய ஏஜென்ட்கள் மனுவைத் தங்கள் பெயரிலேயே போடுகிறார்கள். ஒருவருடைய விடைத்தாளை இன்னொருவர் கேட்டால் அது மூன்றாம் நபர் தகவல் என்று நிராகரிக்கப்படும், நிராகரித்ததும் சரிதான். நாளைக்கு உங்கள் மகளின் தாளை எவனோ கேட்டு வாங்கினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? அப்பாவான நீங்கள் உங்கள் பெயரில் கேட்டாலும் இதே சிக்கல் வரும். ஆகவே மனுதாரர் மகள், கையெழுத்து மகளுடையது. எழுதிக் கொடுக்க உதவுங்கள், அவ்வளவுதான். சில ஏஜென்ட்கள் இதைத் தெரிந்துகொண்டு வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அப்படி ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள். ஹால் டிக்கெட் நகல், ஆதார் நகல் கொடுத்திருந்தால் அதையும்.

இன்னொரு பொய்யும் உலவுகிறது: "எத்தனை வருஷத்துப் பேப்பராக இருந்தாலும் எடுத்துத் தருவோம், சட்டத்தில் 20 வருஷம் இருக்கிறது." இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழைய அரியர் பேப்பர்களுக்காகப் பணத்தை இழப்பவர்கள் இதில்தான் அதிகம் விழுகிறார்கள். சட்டத்தின் 8(3) பிரிவில் 20 ஆண்டு என்று வருவது உண்மை. அதன் பொருள் இவ்வளவுதான்: ரகசியம் என்று மறைக்கும் தகவல்களில் பலவற்றை, 20 ஆண்டு பழையதாகிவிட்டால் அதே காரணத்தைச் சொல்லி மறைக்க முடியாது. காகிதத்தை 20 ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. 2011 தீர்ப்பிலேயே நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. விடைத்தாளை எத்தனை காலம் வைத்திருப்பது என்பதை ஒவ்வொரு தேர்வு அமைப்பும் தன் விதியில் வைத்துக்கொள்கிறது. சில இடங்களில் அது சில மாதங்கள்தான். அந்தக் காலம் முடிந்து விதிப்படி அழித்துவிட்டால், உச்ச நீதிமன்றமே கேட்டாலும் இல்லாத தாளைத் தர முடியாது. ஆர்டிஐ கையில் இருப்பதைக் காட்டச் சொல்லும் சட்டம், இல்லாததை உண்டாக்கும் சட்டம் இல்லை. ஆகவே கெடுவுக்குள் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இப்போதுதான் ரிசல்ட் வந்திருப்பதால் பயமில்லை, ஆனால் லீவு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மனுவின் கடைசியில் "இம்மனு மீது இறுதி முடிவு எடுக்கப்படும்வரை எனது விடைத்தாளை அழிக்காமல் பாதுகாக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது.

மனு யாருக்கு என்பதில் தவறு செய்யாதீர்கள். கல்லூரி முதல்வருக்கு அனுப்பாதீர்கள், தாள் அவரிடம் இல்லை. "பொதுத் தகவல் அலுவலர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகம்" என்று போட்டு, பல்கலைக்கழகத்தின் பெயரும் முகவரியும் எழுதினால் போதும். அதே வளாகத்தில் வேறு அதிகாரிதான் தகவல் அலுவலர் என்றால் அவர்கள்தான் உள்ளே மாற்றிக்கொள்ள வேண்டும். இன்னொரு அலுவலகத்துக்கு உரியதென்றால்கூட ஐந்து நாளுக்குள் அவர்களே அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. "தவறான இடத்துக்கு வந்துவிட்டது" என்று உங்களிடம் திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரமில்லை, அனுப்புவது வழக்கமாக இருந்தாலும்.

கேட்கும் விதம் முக்கியம். "நன்றாகத்தான் எழுதினேன், ஏன் 21 போட்டீர்கள்?" என்று கேட்டால் "விளக்கம் தர இயலாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஏன், எப்படி என்பது பதிவேட்டில் இல்லை. இப்படிக் கேளுங்கள்:

"இன்ன பருவத் தேர்வில், இன்ன பதிவு எண்ணில், இன்ன பாடக் குறியீட்டுக்கு நான் எழுதிய விடைத்தாளின் முகப்புப் பக்கம், கூடுதல் தாள்கள் உட்பட அனைத்துப் பக்கங்களின் சான்றிட்ட நகல் வேண்டும். அந்தப் பாடத்தின் விடைக்குறிப்பின் நகல் வேண்டும். விடைத்தாளைப் பாதுகாக்கும் கால அளவு பற்றிய விதியின் நகல் வேண்டும்."

எதற்காக என்று காரணம் எழுத வேண்டாம், சட்டம் கேட்கவில்லை. விடைக்குறிப்பைத் தர மறுக்கலாம், பரவாயில்லை. தமிழிலேயே எழுதலாம். ஜெராக்ஸ் ஒன்று வைத்துக்கொண்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். பதிவுத் தபாலைக் கேட்டு அலையாதீர்கள், 2025 செப்டம்பரிலேயே அதை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள்.

இதில் நீங்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது, இங்கே ஏமாற்ற ஏஜென்ட் தேவையில்லை, பல்கலைக்கழகமே போதும். ஆர்டிஐ பதிலுக்கு 30 நாள். மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். நகலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருந்தால் கதவு சாத்தியிருக்கும். ஆர்டிஐ மதிப்பெண்ணைத் திருத்தாது, தாளைக் காட்டும், அவ்வளவே. ஆகவே மறுமதிப்பீட்டுக் கட்டணத்தைக் கடைசித் தேதிக்குள் கட்டிவிடுங்கள், மனுவும் இணையாக ஓடட்டும். கணினித் திரையிலேயே திருத்தும் முறை பல இடங்களில் வந்துவிட்டது. தாள் ஏற்கெனவே ஸ்கேன் ஆகி சர்வரில் கிடக்கிறது. மாணவி தன் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கும்படி அதைத் திறந்துவிடப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. செய்யாததற்கு ஒரு காரணம்தான் எனக்குத் தோன்றுகிறது: கூட்டல் பிழைகள் வெளியே வரும்.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் இல்லை. பதில் தர வேண்டிய 30 நாள் கெடு தாண்டிவிட்டால் நகலும் இலவசமாகத் தர வேண்டும், 7(6) பிரிவு. அதிலும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 என்று தகவல் அலுவலரின் சொந்தப் பையிலிருந்து அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தை அது கொஞ்சம் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தால் உங்கள் ஊரில் 4,500 ரூபாய் கேட்கும் ஆளுக்குத் தொழிலே இருந்திருக்காது. ஆணையத்தில் விசாரணைக்கு வர நாளாகும்; ஆனால் முதல் மேல்முறையீட்டுக் கடிதம் போனதுமே தாள் வந்துவிடுவதும் உண்டு.

நகல் கைக்கு வந்ததும் பதில் சரியா தவறா என்று உடனே ஆராய உட்காராதீர்கள். முதலில் முகப்புப் பக்கத்துக் கட்டங்களில் உள்ள எண்ணையும், உள்ளே ஒவ்வொரு கேள்விக்கும் போட்ட எண்ணையும் ஒப்பிடுங்கள். உள்ளே 8 இருந்து முகப்பில் 3 ஆகியிருக்கலாம். பிறகு திருத்தியவரின் பேனா மையே படாத பக்கம் இருக்கிறதா, கூடுதல் தாள் முழுவதும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கணக்குப் பேப்பரில் கூடுதல் தாளில் முடித்த கணக்கு திருத்தப்படாமல் விட்டுப்போவது சகஜம். இவற்றில் ஒன்று கிடைத்தாலும், பக்க எண்ணைக் குறிப்பிட்டு, நகலை இணைத்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு மகள் கையெழுத்தில் தனிக் கடிதம் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். மறுமதிப்பீட்டு முடிவு "மாற்றமில்லை" என்று வந்திருந்தாலும் இந்தக் கடிதத்தைக் கொடுக்கலாம்.